பக்கத்து இடிபாடுகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

உறுப்பினர்களுக்கு வணக்கம். அருகிலுள்ள பாழடைந்த கட்டடத்தின் பெரிய வசதி, வெவ்வேறு வெளிச்சத்தில் திரும்பத் திரும்பப் பார்க்கலாம் என்பதுதான். நண்பகலில் மொட்டையாகத் தெரியும் சுவரில், காலை மாலைச் சாய்வெயில் விழும்போது தேய்ந்த எழுத்தும் உளித்தடமும் எழுந்து நிற்கும். இருட்டு மூலையில் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். எழுத்து தெரிவதற்காக மாவு, எண்ணெய், சாக்பீஸ் எதையும் பூச வேண்டாம். கல்லின் நுண்துளையில் இறங்கினால் எடுப்பது கடினம்.

முதலில் இணைப்புகளைப் பாருங்கள். கற்கள் ஒன்றோடொன்று பின்னாமல் மேலிருந்து கீழே நேர்க்கோடாக இடைவெளி ஓடினால், ஒரு பக்கம் பெரும்பாலும் பின்னாளில் சேர்த்தது. வரிசையாக உள்ள சிறு சதுரத் துளைகள் பல இடங்களில் சாரம் கட்டியதன் தடம். (பீரங்கிக் குண்டு என்று யாராவது கதை சொல்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.) சுண்ணச் சுவரில் கெட்டியான சாம்பல் நிறப் பூச்சு இருந்தால் சிமென்ட்டாக இருக்கலாம். போர்ட்லாந்து சிமென்ட்டுக்குக் காப்புரிமை கிடைத்ததே 1824இல்தான். ஆக, அதற்கு முந்தைய கட்டடத்தில் அது பிற்கால ஒட்டுவேலை. சிமென்ட் ஈரத்தை எளிதில் வெளியே விடாது. அதனால் பக்கத்துச் செங்கல்தான் பொடிந்து உதிரும்.

அனுமதி பெற்றே உள்ளே போகவும். கனமழைக்குப் பிந்தைய நாட்களில் சுவரோரம் நிற்காதீர்கள், ஊறிய சுண்ணச்சாந்து பிடிப்பிழக்கும். செடி மூடிய தரையில் கிணறு இருக்கலாம். கம்பால் தட்டிப் பார்த்து நடக்கவும். வௌவால் எச்சம் உள்ள அறைக்குள் நுழையவே வேண்டாம்.

படத்தில் ஒரு அளவுகோலும் இருக்கட்டும். குழுவில் டாக்குமெண்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் சுருங்கி எழுத்து மங்கிவிடும்.