வெள்ளம் கொண்டுபோன வயலை மீட்டுத் தந்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். மாப்பிள்ளை சம்பா அறுத்து நெல் வீட்டுக்கு வந்துவிட்டது. நன்றி சொல்ல இதற்காகத்தான் காத்திருந்தேன், நீங்கள் பட்ட பாடு பலித்ததா என்பது நெல் களத்துக்கு வந்தால்தானே தெரியும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி, நகராமல் மணிக்கணக்கில் அங்கேயே நின்று கொட்டியது. மயிலத்தில் 51 செ.மீ. மழை. அதோடு விட்டிருந்தால் சமாளித்திருப்போம். மேலே ஊத்தங்கரையிலும் பேய்மழை பெய்து, டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட, தென்பெண்ணை கரை மீறி எங்கள் வயலுக்குள் புகுந்தது. மாப்பிள்ளை சம்பாவும் காட்டுயானமும் ஆள் உயரம் வளரும், தேங்கும் தண்ணீரைத் தாங்கும், உண்மைதான். ஆனால் மணலை இழுத்துக்கொண்டு ஓடிவரும் ஆற்றை எந்த ரகமும் தாங்காது. இயற்கை விவசாயம் எந்த மழையையும் தாங்கும் என்று மேடையில் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். யூரியா போடுகிறவருக்கு அடுத்த பருவத்துக்குக் கடையில் மூட்டை கிடைக்கும். எங்களுக்கு உரமே மேல்மண்தான், பல வருடம் சாணமும் தழையும் போட்டு மண்புழு வரவழைத்த மண், ஒரே ராத்திரியில் பாதி ஆற்றோடு போய், மீதி மணலுக்கு அடியில் போய்விட்டது. விதைநெல்லும் நனைந்து முளைத்துவிட்டது. அரசு நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் அறிவித்தது. அது பயிருக்கு, மண்ணுக்கு யார் தருவார்கள்?

நீங்கள்தான் தந்தீர்கள்.

டிராக்டரோடு வந்து மணலை வழித்துவிட்டு டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்ட தம்பிகளுக்கு நன்றி. மணலை மட்டும் எடு, வண்டலைத் தொடாதே, அதை உழுது மண்ணோடு கலந்துவிடு என்று கூடவே நின்று சொன்ன பெரியவருக்கும். தன் வீடே சேறாகக் கிடந்தபோது என் மாடுகளுக்கு வைக்கோல் கொண்டுவந்து போட்ட அக்காவுக்கு என்ன சொல்வது! அந்த மாடுகள் இல்லையென்றால், சாணமும் கோமியமும் கரைத்து வயலுக்கு விடும் ஜீவாமிர்தம் ஏது. அப்புறம், சுனாமியில் உப்பேறிய நாகை வயல்களை இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயாவும் அங்குள்ள விவசாயிகளும் மீட்டதைச் சொல்லித் தெம்பு கொடுத்து, கம்பு, உளுந்து, எள், கொள்ளு, தக்கைப்பூண்டு, சணப்பு என்று பலதானிய விதை மூட்டையைக் கையோடு கொண்டுவந்த நண்பர்கள். கோடையில் விதைத்துப் பூக்கும்போது மண்ணுக்கே உரமாக மடக்கி உழுதோம். அதற்குப் பிறகுதான் அந்த வயலில் காலை வைத்தால் மண் என்று தோன்றியது.

விதைக்கு வருகிறேன். பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிக் காத்த நெல் ஜெயராமன் ஐயா திருத்துறைப்பூண்டி பக்கம் நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ விதை வாங்கினால் அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். நாங்களும் அந்த வழக்கத்தில் செய்யாறு பக்கம் ஒருவருக்கு மாப்பிள்ளை சம்பா விதை கொடுத்திருந்தோம். வெள்ளச் செய்தி கேட்டதும் அவர், 4 கிலோ கணக்கெல்லாம் பார்க்காமல், என் வயல் முழுக்க நாற்று விடும் அளவுக்கு மூட்டை கட்டி பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார். அவரிடம் மட்டும் அந்த விதை இல்லையென்றால் எங்கள் ஊரில் அந்த ரகம் அன்றோடு முடிந்திருக்கும்.

அரிசிக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, வெள்ளத்துக்குப் பிறகு ஒரு வார்த்தை கேட்காமல் இருந்த சென்னைக் குடும்பங்களுக்கு முதல் அரிசி. அரைத்ததும் அனுப்புகிறேன், பணம் போட வேண்டாம்.

விதைநெல் தனியாக எடுத்துக் காயவைத்திருக்கிறேன். இந்தமுறை முழுவதையும் ஒரே வீட்டில் வைக்கப்போவதில்லை. ஆற்றோரம் இல்லாத ஊர்க்காரர்கள் கொஞ்சம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சாக்கு மட்டும் எடுத்து வாருங்கள்.