கழுத்துக் கட்டியும் கைகொடுத்தவர்களும்

அனைவருக்கும் வணக்கம்.

உடம்பில் புற்றுநோய் எங்கே இருக்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேனில், கடைசியாக எடுத்ததில், நோய் எதுவும் தெரியவில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனியும் பரிசோதனைக்குப் போய்க்கொண்டுதான் இருக்க வேண்டும், அது இருக்கட்டும். நன்றிக் கடன் நிறைய பாக்கி இருக்கிறது.

முதல் நன்றி, நான் பார்த்தே இராத நோயியல் மருத்துவருக்கு. கழுத்துக் கட்டியிலிருந்து ஊசியால் உறிஞ்சி எடுத்தது போதாது, திசுத்துண்டு வேண்டும் என்று கேட்டு வாங்கி, இது லிம்ஃபோமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய், அதிலும் இன்ன வகை என்று எழுதித் தந்தவர் அவர். மற்றதெல்லாம் அந்த ஒரு தாளை வைத்துத்தான் நடந்தது. தொண்டையில் வரும் வேறு சில புற்றுநோய்களுக்கு கதிர்வீச்சின் அளவு 70 கிரே (அதை அளக்கும் அலகு) வரை போகும். எனக்குக் கீமோவுக்குப் பிறகு அதில் பாதியளவே போதுமானதாக இருந்தது. பெரிய அறுவை சிகிச்சையும் இல்லை.

கீமோ வார்டு நர்ஸ் அக்காவுக்கு எப்படி நன்றி சொல்ல? முதல் டிரிப்பில் ரிடுக்சிமாப் என்ற மருந்து ஏறும்போதே உடம்பு தூக்கிப்போட்டது. பதறாமல் நிறுத்தி, ஊசி போட்டு, நடுக்கம் அடங்கியதும் வேகத்தைக் குறைத்து மறுபடி ஏற்றினார். அப்புறம் சிவப்பு மருந்தை மாட்டும்போது, "சிறுநீர் சிவப்பா போகும், ரத்தம்னு நினைச்சு அலறிடாதீங்க" என்றார். சொல்லியிருக்காவிட்டால் நிச்சயம் அலறியிருப்பேன். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்று அவர் அழுத்திச் சொன்னதும் பலித்தது. நடுராத்திரியில் வண்டி எடுத்த தம்பிக்கும் சேர்த்தே நன்றி.

கதிர்வீச்சுக்கு முன்பே சொத்தைப் பற்களைப் பிடுங்கிய பல் டாக்டர் மேல் அன்றைக்கு எரிச்சல்தான். தாடையில் கதிர்வீச்சு பட்டபின் பல்லைப் பிடுங்கினால் புண் எளிதில் ஆறாது என்பது பிறகுதான் புரிந்தது.

கதிர்வீச்சு அறைத் தம்பிகளே, வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் அழுத்தி, மேஜையோடு சேர்த்துப் பூட்டுவீர்களே, அந்தச் சொடக்குச் சத்தத்துக்குத்தான் எனக்குப் பயம். "மூச்சு முட்டினா கையைத் தூக்குங்க, உடனே நிறுத்திடுவோம்" என்று தினமும் சலிக்காமல் சொன்னீர்கள். ஒருநாள் தூக்கினேன். நிறுத்தினீர்கள், முகம் சுளிக்கவில்லை. கழற்றியதும் கன்னமெல்லாம் கட்டம் கட்டமாகத் தடம். அதைப் பார்த்து என்னோடு சேர்ந்து சிரித்ததற்கும் நன்றி.

வாய்ப்புண்ணோடு எதைத் தின்றாலும் தகரமாய் ருசித்த நாட்களில், வாய் கொப்பளிக்க உப்பும் சோடாவும் கலந்து வைத்து, என் எரிச்சலையும் தாங்கிய மனைவிக்கு இங்கே எழுதி மாளாது.

உங்களையெல்லாம் நேரில் வந்து பார்க்கிறேன். இன்னும் எச்சில் சரியாக ஊறவில்லை. தண்ணீர் பாட்டிலோடு வருவேன், பேச்சுக்கு நடுவே குடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.