முதுகில் தட்டினால் வேலை கிடைத்துவிடுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வேலையிழந்தோருக்கு வழிகாட்டும் தன்னார்வலர்களைப் பற்றிய கட்டுரையில் ‘நம்பிக்கை ஊட்டினாலே பாதி வேலை முடிந்தது’ என்று ஒரு வரி. மீதிப் பாதியைக் காணோம். இடம் போதவில்லை போலும்.

மாதக்கணக்கில் வீட்டில் இருப்பவரிடம் முதலில் கலைவது பொழுதுதான். 1930-களின் தொடக்கத்தில், ஆலை மூடப்பட்ட ஆஸ்திரியக் கிராமம் மரியன்தாலில் நடந்த ஆய்வு தாங்கள் அறியாததல்ல. வேலையிழந்த ஆண்களின் நடைவேகமே குறைந்துபோயிருந்தது. நூலகத்தில் கட்டணத்தை எடுத்த பிறகும் புத்தகம் எடுப்பது சரிந்தது. அதனால்தான் சந்திப்பைக் காலை ஒன்பது மணிக்கு, வாராவாரம் ஒரே கிழமையில் வைக்கச் சொல்கிறோம். நம் தன்னார்வலர்களுக்கோ ஞாயிறு மாலைதான் ஒழிகிறது, அதுவும் இரண்டே வாரத்துக்கு மட்டும்.

பயோடேட்டா விஷயம் இன்னும் மோசம். அலங்காரமாகத் தன்னார்வலர்களே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். ‘ஒருங்கிணைத்தேன் என்று போட்டிருக்கிறீர்களே, எதை?’ என்று இன்டர்வியூவில் கேட்டால் வேலை தேடிப் போனவர் விழிக்கிறார். எழுதுமுன் கேட்க வேண்டாமா? ‘ஸ்டோரில் இருந்தேன்’ என்பவரிடம், காலையில் போனதும் முதலில் என்ன செய்வீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை பில், கணக்கு உதைத்தால் யாரைக் கூப்பிடுவார்கள் என்று கேளுங்கள். ‘என்னைத்தான்’ என்பார். பயோடேட்டாவின் முதல் வரி அதுதான்.

நடுவில் வேலையில்லாமல் இருந்த இடைவெளி பற்றிய கேள்விக்கு இரண்டே வாக்கியம்: ஏன் நின்றது, இப்போது என்ன செய்ய முடியும். வாய்விட்டுப் பத்துத் தடவை சொல்லிப் பார்க்க வைக்க வேண்டும். மனசுக்குள் சொன்னால் உதவாது. மூன்றாவது வாக்கியம் வந்தால் அது மன்னிப்புக் கேட்பதாகத்தான் இருக்கும்.

‘தெரிந்தவர்களிடம் சொல்லி வையுங்கள்’ என்ற அறிவுரையும் அரைகுறை. அறிமுகத்தால் வேலை பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு, தகவல் சொன்னவர் எப்போதாவது சந்திக்கிற ஆள்தான் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-லேயே எழுதிவிட்டார். நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்குமே! ஆகவே பழைய சக ஊழியர், சரக்குக் கொண்டுவந்தவர் என்று முப்பது பெயர் எழுத வேண்டும். ‘வேலை இருந்தா சொல்லுங்க’ என்றால் ‘சரி’ என்று போனை வைத்துவிடுவார்கள். ‘உங்கள் இடத்தில் ஆள் எடுப்பது யார்?’ என்று கேட்டால் ஒரு பெயர் கிடைக்கும். தேதி, பேசியவர், அடுத்து எப்போது என மூன்று பத்தி போட்ட நோட்டு ஒன்று போதும்.

வேலை கிடைத்த அன்றே வழிகாட்டி போட்டோ எடுத்துக்கொண்டு விடைபெறுகிறார். முதல் சம்பளம் வருவதற்குள் பஸ் காசுக்கும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளுக்கும் திண்டாடி நின்றுவிடுகிறவர்களை அந்தப் போட்டோவில் தேட முடியாது. முதல் வாரக் கடைசியில் ஒரு போன் செய்ய எவ்வளவு நேரமாகும்? சான்றிதழ் அச்சடிக்க மட்டும் எல்லோருக்கும் நேரம் இருக்கிறது.

தன்னார்வலர் தேவை என்று அடுத்த முறை வெளியிடும்போது, ‘வாரம் ஒரு மணி நேரம், குறைந்தது பன்னிரண்டு வாரம்’ என்ற ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். அதற்கு இடம் இருக்கும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்