மார்புக் கச்சும் மற்றவர் கண்ணும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

உடைச் சுதந்திரம் பற்றித் தங்கள் இதழில் வந்த கடிதங்கள் எல்லாம் வெளியாடையோடு நின்றுவிட்டன. பெண்களை அதைவிட அதிகம் நெருக்குவது பிரா. போட்டே ஆக வேண்டும் என்பதற்குச் சொல்லும் காரணமோ உடல்நலம்! கூச்சத்துக்கு மருத்துவச் சாயம் பூசுவதை முதலில் நிறுத்துவோம்.

மார்பகத்துக்குள் அதைத் தூக்கிப் பிடிக்கும் தசை கிடையாது. கொழுப்பும் பால் சுரப்பிகளும் கொண்ட அதைத் தாங்குவது தோலும், கூப்பர் தசைநார்கள் எனப்படும் மெல்லிய இழைகளும்தான். வயது, கர்ப்பங்களின் எண்ணிக்கை, எடை ஏறி இறங்குவது, புகைபிடித்தல், மார்பகத்தின் பருமன் இவற்றால் தொய்வு வருகிறது. பிரா போடாததால் தொய்ந்தது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. பிரா போட்டால் புற்றுநோய் வரும் என்று எதிர்த்திசையில் பரப்பப்படும் பயமும் தவறு. மாதவிடாய் நின்ற பெண்களிடம் அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் நடத்தி 2014-ல் வெளியான ஆய்வு, இரண்டுக்கும் தொடர்பு காணவில்லை.

ஓடும்போதும் குதிக்கும்போதும் மார்பகம் மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆடும்; அந்த வலியைக் குறைக்க ஸ்போர்ட்ஸ் பிரா நன்றாகவே உதவும். மார்பு கனமாக உள்ளவர்களுக்கும் தாங்கல் இதமாக இருக்கலாம். மற்றபடி அது அவரவர் வசதி.

போடுகிறவர்களிலும் பலருக்கு அளவு தப்பாகவே அமைகிறது. மார்புக்குக் கீழே அளந்து, அதோடு 4 அங்குலம் கூட்டும் பழைய பழக்கம் இதற்கு ஒரு காரணம். கீழளவு 30, மார்பளவு 35 என்று வையுங்கள். கூட்டினால் 34 வரும். வித்தியாசம் 1 அங்குலம், ஆகவே '34 ஏ' என்று கொடுத்துவிடுவார்கள்; 34 என்பது பட்டையின் அளவு, 'ஏ' என்பது சிறிய கப். உண்மையான வித்தியாசம் 5 அங்குலம். உடலைச் சுற்றி வரும் பட்டை தளர்ந்து முதுகில் மேலேறும், கப் போதாமல் சதை பிதுங்கும். சரிசெய்யத் தோள்வாரை இறுக்குவார்கள். பாரம் முழுதும் தோளுக்குப் போய் அங்கே பள்ளம் விழும். பாரத்தின் பெரும்பங்கைச் சுமக்க வேண்டியது பட்டைதான். மூச்சை வெளியே விட்டு, டேப்பை முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் பிடித்து அளக்க வேண்டும். புதிய பிரா கடைசிக் கொக்கியில், அதாவது மிகத் தளர்வான நிலையில், சரியாக நிற்க வேண்டும். எலாஸ்டிக் தொய்யத் தொய்ய உள்கொக்கிக்கு மாறலாம். பட்டைக்குள் இரண்டு விரல் நுழைந்தால் போதும். மார்புக்கு அடியில் வியர்வை தேங்கிச் சிவந்து அரித்தால், அந்த இடத்தை உலர வைப்பது முதல் வேலை.

வேண்டாம் என்பவர்களுக்கு வழி எளிது. மேல்சட்டையின் முன்பக்கத்துக்கு மட்டும் மெல்லிய பருத்தி லைனிங் கொடுத்து, டார்ட்டின் (துணியை உடல் வளைவுக்கேற்ப மடித்துத் தைக்கும் கூர்மடிப்பின்) நுனி மார்பின் உச்சிக்கு முக்கால் அங்குலம் முன்பே முடியும்படி தைத்தால் துணி படிந்து நிற்கும். இதுவும் அவர் விரும்பினால் மட்டுமே. காம்பு தெரிகிறது என்று பதறுகிறார்களே, குளிரிலோ துணி உரசினாலோ காம்பு விறைப்பது மயிர்க்கூச்செறிவதைப் போலத் தானாக நடப்பது. ஆணுக்கும் அதே காம்புதான், அதே விறைப்புதான். அவரிடம் யாரும் லைனிங் கேட்பதில்லை.

எனக்கு அதிகம் வலிப்பது சிறுமிகளின் நிலை. 8 முதல் 13 வயதுக்குள் காம்புக்கு அடியில் சிறு முடிச்சு போலத் தட்டுப்படும், தொட்டால் வலிக்கும், பெரும்பாலும் ஒரு பக்கம் முந்திக்கொள்ளும். இவை இயல்பு. அந்த நேரத்தில் இறுக்கமான பிராவை மாட்டி, 'குனிந்து நட' என்று சொல்லாதீர்கள். மெல்லிய பருத்தி உள்சட்டை போதும். அவளே பிரா கேட்கும்போது வாங்கிக் கொடுங்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி அளந்து பாருங்கள், வளரும் வயதில் அளவு மாறிக்கொண்டே இருக்கும்.

இப்படிக்கு,
உள்ளாடைத் தையல் கற்றுத்தரும் வாசகி