கைக்கெட்டும் ஆடம்பரம் விற்பவர்களுக்கு, தாராவியிலிருந்து

கைப்பை நிறுவனங்களின் விளம்பரப் பிரிவில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் இருக்கிற உங்கள் கடைக்கும் எங்கள் பட்டறைக்கும் நடுவில் மித்தி ஆறுதான் ஓடுகிறது. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த என் அப்பா இங்கே தோல் பதனிட்டார். நான் 30 வருஷமாகப் பை தைக்கிறேன்.

போன தீபாவளிக்கு என் மகள் உங்களில் ஒருவருடைய பையை வாங்கி வந்தாள். அட்டையில் 29,999 கோடு போட்டு அடிக்கப்பட்டு, கீழே 14,999. "பாதி விலைப்பா" என்றாள். பையைத் திருப்பி உள்தையலைப் பார்த்தேன், மோந்தும் பார்த்தேன். தொழில் புத்தி. பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு தாயி" என்று சொல்லி வைத்தேன்.

தையல் நேர்த்தி, ஜிப்பும் நல்ல ஜிப். தோல்தான் இடித்தது. அட்டையில் 'ஜெனுயின் லெதர்' என்று போட்டிருந்தது. தோலைக் கிடைமட்டமாகப் பிளந்தால் உறுதியெல்லாம் மேலடுக்கில் இருக்கும். அடியில் வருவது ஸ்பிளிட். அதன்மேல் பியூ என்கிற பிளாஸ்டிக் பூச்சு பூசி, ரோமக்கால் ரேகையை அச்சில் அழுத்தி, அதையும் அதே பெயரில்தான் விற்கிறார்கள். எங்களுக்கு ஓரத்தைப் பார்த்தாலே தெரியும். வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்?

அவளை ஏமாளி என்று நினைத்துவிடாதீர்கள். ஆபீஸில் "எங்கே இருக்கே?" என்று கேட்டால் தாராவி என்று சொல்லாமல், பக்கத்து ஊர்ப் பெயரை வைத்து "சயான் பக்கம்" என்று சொல்கிற பெண் அவள். பையை மேஜைமேல் வைத்தால் அந்தக் கேள்வி கொஞ்சம் தள்ளிப்போகும் என்பது அவள் கணக்கு. தப்புக் கணக்கு என்று நான் சொல்ல மாட்டேன். நானே கல்யாண வீட்டுக்கு இரவல் வாட்ச் கட்டிப் போனவன்தான். அந்தக் கணக்கு தெரிந்துதான் நீங்களும் விலை வைக்கிறீர்கள்: மொத்தமாகக் கொடுக்க மலைக்க வேண்டும், தவணையில் முடியும் என்று தோன்ற வேண்டும். பக்கத்துக் கண்ணாடிக்குள் லட்ச ரூபாய்ப் பை ஒன்று உட்கார்ந்திருக்கும். அது விற்காவிட்டாலும் 15,000 ரூபாயைச் சின்னதாக்கிக் காட்டிவிடும்.

அந்த 29,999க்கு யாராவது அந்தப் பையை வாங்கினார்களா? எம்.ஆர்.பி. என்பது இதற்குமேல் விற்காதே என்கிற வரம்பு. அந்த விலைக்கு ஒரு பையாவது போயிருக்க வேண்டும் என்று அதற்கு அர்த்தமில்லை. 'வட்டியில்லாத் தவணை' என்றீர்கள். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என ரிசர்வ் வங்கி 2013லேயே வங்கிகளுக்கு எழுதிவிட்டது. மொத்தமாகக் கட்டியிருந்தால் கிடைத்திருக்கும் தள்ளுபடியை விட்டுத்தான் மகள் தவணை எடுத்தாள். போனில் 'இன்னும் 2 மட்டுமே' என்று மின்னியதாம். பொய்யாக அவசரப்படுத்தி விற்பதை, 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடுத்த 13 தந்திரங்களில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறார்கள்.

நான் கேட்பது பெரிதில்லை. எந்த அடுக்குத் தோல் என்று அட்டையில் போடுங்கள். அடித்த விலையில் கடைசியாக எந்த மாதம் விற்றது என்று போடுங்கள். தைத்த ஊரையும் போடுங்கள். 2025 ஜூனில் மிலன் மேடையில் இத்தாலியின் ப்ராடா நிறுவனம் காட்டிய செருப்பில் நம் கோலாப்பூர்ச் செருப்பைப் பார்த்து இங்கே கூச்சல் எழுந்த பிறகுதான் கோலாப்பூரின் பெயர் அவர்கள் வாயில் வந்தது. கோலாப்பூர்ச் செருப்புக்கு 2019லேயே புவிசார் குறியீடு வாங்கியாயிற்று. எங்கள் தெருவில் தைத்த பைகளும் வேறு பெயர் ஒட்டிக்கொண்டுதான் வெளியே போகின்றன.

மகளுக்கு இன்னும் 4 தவணை பாக்கி. கைப்பிடி ஓரத்தில் பூச்சு இப்போதே லேசாக உரிகிறது. அந்தக் கறுப்பு எங்கள் பட்டறையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நானே பூசிக் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
பை தைக்கிறவன்,
தாராவி, மும்பை