கோழியைத் தூக்கிப் பார்

மஸ்கெலியா
ஆடி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மச்சானுக்கு,

உன் கடுதாசி வந்து ஒரு கிழமையாகிறது. பதில் எழுத உட்காரும் நேரமெல்லாம் மழை. கூரைத் தகரத்தில் விழுகிற சத்தத்தில் நினைத்ததெல்லாம் மறந்துபோகிறது. உங்கள் பசறைப் பக்கம் இப்போது வெயிலும் காற்றுமாய் இருக்கும், உனக்கென்ன. இங்கே துணி காய்ந்து பத்து நாள். பேத்தி பாஸாகிவிட்டாள் என்று எழுதியிருந்தாய், வாசித்துக் காட்டினேன், வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம்.

சரி, உன் சிவப்புப் பேட்டுக்கு வருகிறேன். கால் தடித்து, செதிலெல்லாம் தூக்கிக்கொண்டு, சுண்ணாம்பு அப்பின மாதிரி இருக்கிறது, வயசாகிவிட்டதோ என்கிறாய். வயசில்லை மச்சான். செதிலுக்கடியில் கண்ணுக்குத் தெரியாத உண்ணி வளை தோண்டிக் குடியிருக்கிறது. மண்ணெண்ணெய் போடப்போகிறாயாமே, போடாதே. போன வருசம் நான் அதைத்தான் செய்தேன். நம் அப்பன்மார் செய்த வைத்தியம்தானே என்று இரண்டு காலையும் டின்னில் முக்கி எடுத்தேன். உண்ணி செத்ததோ என்னவோ, தோல் வெந்துபோய் அந்தக் கோழி மூன்று நாள் தீனி எடுக்கவில்லை. மூலையில் கண்ணை மூடிக்கொண்டு நின்றது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

இளஞ்சூட்டுத் தண்ணீரில் சவர்க்காரம் கரைத்துக் காலைப் பத்து நிமிசம் ஊறவை. பழைய பல்துலக்கும் பிரசால் மெதுவாய்த் தேய். உதிர்வது உதிரட்டும், நகத்தால் பிய்த்தால் இரத்தம் வரும். துடைத்துக் காயவிட்டு, வாசலினோ தேங்காய் எண்ணெயோ செதில் இடுக்கில் இறங்கும்படி அப்பு. காற்று அடைபட்டு உண்ணி சாகும். இரண்டு மூன்று நாளைக்கொரு தடவை, மூன்று நாலு கிழமை விடாமல் செய். ஒன்றுக்கு வந்தால் மற்றதுக்கும் இருக்கும். எல்லாக் கோழிக்கும் பூசிவிட்டு, குந்துகிற கட்டையையும் சுரண்டிக் கழுவிவிடு. செதில் பழைய மாதிரி ஆக மாதக்கணக்காகும்.

எங்கள் வீட்டுத் தொல்லை வேறு. கறுப்பி வலது காலை ஊன்றாமல் திரிந்தாள். பகலில் துரத்திப் பிடித்தால் நல்ல கோழியும் நொண்டும் என்று இருட்டும்வரை இருந்து, டோர்ச் அடித்துத் தூக்கிப் பார்த்தேன். உள்ளங்கால் நடுவில், நமக்குக் கால் ஆணி வருகிற மாதிரி ஒரு வீக்கம். அதன் நடுவில் மிளகு ஒட்டினாற்போல ஒரு கறுப்புப் பொருக்கு. குற்றவாளி நான்தான். கவ்வாத்து வெட்டின தேயிலை மலையிலிருந்து மிலாறுக் குச்சி இழுத்துவந்து, வெட்டுமுனையைக்கூடச் செதுக்காமல் நாலடி உயரத்தில் குந்துகட்டை போட்டிருந்தேன். அங்கிருந்து குதித்துக் குதித்துக் கால் கன்றிப்போய், முனை குத்தின ஓட்டையில் கூட்டுச் சேற்றிலிருந்த கிருமி ஏறிவிட்டது. ஸ்டெபிலோகொக்கஸ் என்று பெயர், நம் கைக்கும் தொற்றும். உறை போடாமல் தொடாதே.

எப்சம் உப்புப் போட்ட வெந்நீரில் தினமும் கால் மணி நேரம் பிடித்துவைத்தேன். இரண்டாம் நாள் கண் சொக்கி என் மடியிலேயே தூங்கிவிட்டாள். நாலாம் நாள் பொருக்கு தானாய்க் கழன்றது. உள்ளே சீழ் தண்ணியாய் இல்லை, மஞ்சளாய் இறுகின கட்டி. கோழிக்கு அப்படித்தான், பிதுக்கிப் பிரயோசனமில்லை. பொவிடோன் அயடின் என்கிற புண் மருந்து போட்டுத் துணி சுற்றி, காய்ந்த உமி மேல் தனியாய் வைத்திருக்கிறேன். வீக்கம் மேலே ஏறிக் கால் சுட்டால் வைத்திய விளையாட்டை விட்டுவிட்டு மிருக வைத்தியரிடம் போ. மருந்து கொடுத்தால் எத்தனை நாளைக்கு முட்டை சாப்பிடக்கூடாது என்று மறக்காமல் கேள். குந்துகட்டையை ஒன்றரை அடிக்கு இறக்கி, இரண்டங்குல அகலப் பலகையின் ஓரத்தை மழித்துப் போட்டுவிட்டேன்.

இன்னொன்று சொல்ல மனசு வரவில்லை, ஆனால் நீ பயந்து அலையக்கூடாது. சித்திரையில் மூன்று மாதக் குஞ்சு ஒன்று ஒரு காலை முன்னுக்கும் ஒரு காலைப் பின்னுக்கும் நீட்டிக்கொண்டு விழுந்து கிடந்தது. பக்கத்து லயத்தில் செய்வினை என்றார்கள். நான் எண்ணெய் போட்டு உருவினேன். அது மாரெக் நோயாம், 1907இல் ஹங்கேரி மிருக வைத்தியர் ஒருவர் கண்டு எழுதினதால் அவர் பெயர். வந்தபின் மருந்தில்லை, பொரித்த நாளே தடுப்பூசி போட்டிருக்க வேணும். இனிக் குஞ்சு வாங்கும்போது அதைக் கேட்டு வாங்கு. குஞ்சுப் பெட்டிக்குள் பத்திரிகைத் தாள் விரிக்காதே, வழுக்கிக் கால் அகன்றுபோகும். சாக்கு போடு.

சேவலின் காலையும் பார்த்து எழுது. கொத்துமென்று நீ கிட்டப் போகமாட்டாய், தெரியும். தங்கச்சியைத் தூக்கச் சொல்லி நீ டோர்ச் பிடி.

உன்
பழைய பள்ளிக்கூட வாங்குத் தோழன்