வாசலில் நிற்கும் வண்டி

அன்புள்ள மாப்ளே,

நலம். வீட்டில் எல்லோரும் நலம்தானே? உன் கடிதத்தில் இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். துணியால் ஆன விண்வெளி வீடு காற்றழுத்தத்தை எப்படித் தாங்குகிறது, அப்படி ஒன்று கைவசம் இருந்தும் ஏன் யாரும் அங்கே குடிபோகவில்லை என்று. தறியோடு இத்தனை வருடம் பழகிய உனக்கு முதல் கேள்வியின் பதில் சட்டென்று பிடிபட்டுவிடும். இரண்டாவதற்குத்தான் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

துணிக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். உள்ளே இருப்பது நம் வீட்டில் இருக்கும் அதே காற்றழுத்தம், வெளியே வெற்றிடம். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறக்குறைய ஒரு கிலோ விசை சுவரை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் பீம் என்ற துணி அறை 2016 முதல் இருக்கிறது. விரிந்த நிலையில் அதன் விட்டம் 3.23 மீட்டர். அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கிப் பார்: சுற்றுவாட்டில் ஒவ்வொரு சென்டிமீட்டர் அகலத் துணிக்கும் சுமார் 165 கிலோ இழுவை வருகிறது. நீளவாட்டில் அதில் பாதிதான். பாவுக்கும் ஊடைக்கும் ஒரே பலம் கொடுத்தால் ஒரு பக்கம் வீண் எடை என்பது உனக்குச் சொல்லியா தெரிய வேண்டும்.

இந்த இழுவையைத் தாங்குவது காற்றை அடைத்து வைக்கும் பை அல்ல. உட்புறத்துக் காற்றுப் பையை வேண்டுமென்றே சற்றுப் பெரிதாக வெட்டுவார்கள், அப்போதுதான் அது விறைக்காமல் வெளி அடுக்கில் சாய்ந்து நிற்கும். பாரம் முழுக்க அதற்கு மேலே வரும் நாடா அடுக்கில்தான். அதன் மேல் விண்துகள் மோதலைத் தடுக்கும் அடுக்குகள், வெப்பக் காப்பு, எல்லாவற்றுக்கும் வெளியே பீட்டா துணி. பீட்டா துணி கண்ணாடி இழையில் நெய்து டெஃப்லான் ஏற்றியது. துணிக் கட்டுமானத்துக்கு வழக்கமாகக் கேட்கும் பாதுகாப்பு விகிதம் 4. அதாவது 165 கிலோ வரும் இடத்தில் 660 கிலோ வரை அறாமல் நிற்க வேண்டும். உலோகச் சுவருக்கு இவ்வளவு கேட்பதில்லை. நாடாவுக்குத் தையல் இருக்கிறது, மடிப்பு இருக்கிறது. எல்லாவற்றையும்விட, இழுவையிலேயே வருடக்கணக்கில் நிற்கும் இழை மெல்ல மெல்ல நீண்டு, முதல் நாள் தாங்கிய பாரத்தைவிடக் குறைந்த பாரத்திலேயே ஒருநாள் அறும். சியரா ஸ்பேஸ் நிறுவனம் வெக்ட்ரான் என்ற வலுவான செயற்கை இழை நாடாவால் செய்த முழு அளவுக் குடிலைக் காற்றடித்து வெடிக்கவைத்தபோது 77 பிஎஸ்ஐயில்தான் (சதுர அங்குலத்துக்கு 77 பவுண்டு அழுத்தம்) வெடித்தது. கேட்டிருந்த அளவு 60.8. முடிவை 2024 ஜனவரியில் வெளியிட்டார்கள். வெடிப்புச் சோதனை நிமிடங்களில் முடிந்துவிடும். நீட்சிச் சோதனைக்கோ மாதங்களும் வருடங்களும் ஆகும், நாடாவில் எடையைக் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

பீம் விரிந்த கதையை நீ ரசிப்பாய். 2016 மே 26 அன்று முதலில் காற்று விட்டார்கள். உள்ளே அழுத்தம் ஏறியது, துணியோ சில அங்குலத்துக்கு மேல் நகரவில்லை. அதை ஏற்றிச் செல்ல வேண்டிய ராக்கெட் வரிசை முந்தைய ஆண்டின் விபத்தால் தள்ளிப்போனதில், அந்தத் துணி 15 மாதத்துக்கு மேல் இறுக்க மடித்தபடியே கிடந்திருந்தது. அடுக்கோடு அடுக்கு ஒட்டி உராய்ந்தது, மடிப்பு படிந்துபோயிருந்தது. பீரோவுக்குள் நெடுநாள் கிடந்த பட்டுப் புடவையை ஒரே இழுப்பில் உதறினால் என்ன ஆகுமோ அதே பயம்தான். நிறுத்திவிட்டு, உள்ளே விட்ட காற்றையும் வெளியேற்றி, துணி தளரட்டும் என்று விட்டுவைத்தார்கள். 28ஆம் தேதி நிலையத்தில் இருந்த விண்வெளி வீரர் ஜெஃப் வில்லியம்ஸ் வால்வைச் சில விநாடி திறப்பார், மூடுவார், காத்திருப்பார். 25 தடவை. வால்வு திறந்திருந்த மொத்த நேரம் இரண்டரை நிமிடத்துக்கும் குறைவு, விரிந்து முடிய ஏழு மணி நேரம். உள்ளிருந்து சோளம் பொரிவது போலப் படபடவென்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. விரிவை நிதானப்படுத்த உள்ளே போட்டிருந்த பட்டைகளின் தையல் ஒவ்வொன்றாகப் பிரிந்த சத்தம் அது. அப்படிப் பிரிய வேண்டும் என்றே போட்ட தையல். முழு நீளம் வந்த பிறகு, உள்ளேயே இருந்த 8 உருளைகளின் காற்றைத் திறந்து அழுத்தத்தைச் சமன் செய்தார்கள். 16 கன மீட்டர் அறை கிடைத்தது. இரண்டு வருடச் சோதனை என்று போனது, அதைத் தாண்டியும் நிலைத்துச் சரக்கு அறையாகிவிட்டது.

ஆக, வீடு கட்டத் தெரிந்துவிட்டது. அதுவும் புதிதாக அல்ல. பீமைச் செய்த பிகெலோ ஏரோஸ்பேஸ் நிறுவனம், நாசா கைவிட்ட டிரான்ஸ்ஹாப் என்ற துணிக் குடில் திட்டத்தின் நுட்பத்தை வாங்கி, 2006 ஜூலையில் ஜெனிசிஸ் 1, 2007 ஜூனில் ஜெனிசிஸ் 2 என்று ஆளில்லாத இரண்டு குடில்களை ரஷ்ய ராக்கெட்டில் ஏற்றி விரித்தே காட்டிவிட்டது. அடுத்து 330 கன மீட்டரில், ஆறு பேர் தங்கும் குடில் என்று திட்டம். ஆறு பேர் எதில் ஏறிப் போவார்கள்? அங்கேதான் எல்லாம் நின்றது. விடுதித் தொழிலில் இருந்து வந்த ராபர்ட் பிகெலோவுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. 2004இலேயே ஐந்து கோடி டாலர் பரிசு அறிவித்தார்: குறைந்தது ஐந்து பேரை 400 கிலோமீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய், பூமியை இரண்டு சுற்றுச் சுற்றித் திரும்பி, 60 நாளுக்குள் மறுபடி செய்து காட்ட வேண்டும். கெடு 2010 ஜனவரி 10. யாரும் வெல்லவில்லை. அதே ஆண்டு போயிங் ஏழு இருக்கைக் கலம் ஒன்றை அறிவித்து அவரோடு கைகோத்தது. 2020 மார்ச்சில், கொரோனா முடக்கத்தின்போது, பிகெலோ நிறுவனம் ஊழியர்கள் எல்லோரையும் அனுப்பிவிட்டது. தனியார் கலத்தில் முதல்முதலாக மனிதர்கள் பூமியைச் சுற்றும் பாதைக்குப் போனது 2020 மே 30. இரண்டு மாதம், மாப்ளே. பதினான்கு வருடம் வாசல் பார்த்திருந்த வீடு, வண்டி வர இரண்டு மாதம் இருக்கும்போது பூட்டப்பட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது.

வண்டி வந்த பிறகும் இருக்கை குறைந்தது. ஸ்பேஸ்எக்ஸின் ட்ராகன் கலம் ஏழு பேருக்கு வரைந்தது. கடலில் விழும்போது உடம்பில் ஏறும் விசையைக் குறைக்க இருக்கையின் சாய்வை மாற்ற நாசா கேட்டது. சாய்வு மாறியதும் கீழ்வரிசைக்கு இடமில்லை. இன்று நான்கு பேர்தான். ஒரு இருக்கையின் விலையை நாசாவின் தணிக்கைப் பிரிவு 2019இல் மதிப்பிட்டபோது ட்ராகனுக்கு ஐந்தரைக் கோடி டாலர், போயிங்கின் ஸ்டார்லைனருக்கு ஒன்பது கோடி டாலர்.

இப்போது நான் சொல்ல வரும் விஷயம். விண்வெளி நிலையத்தில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதை அதன் கொள்ளளவு முடிவு செய்வதில்லை, வாசலில் நிற்கும் கலத்தின் இருக்கைகள்தான் முடிவு செய்கின்றன. தீ, காற்றுக் கசிவு, மருத்துவ அவசரம் எது வந்தாலும் உள்ளே இருப்பவர் ஒவ்வொருவருக்கும் உடனே இறங்க ஓர் இருக்கை வேண்டும். அந்தக் கலம் டாக்ஸியைப் போல இறக்கிவிட்டுத் திரும்பிப் போக முடியாது. ஆள் இருக்கும்வரை அதுவும் அங்கேயே நிற்க வேண்டும். சர்வதேச நிலையத்தில் 2009 வரை நிரந்தரமாக அதிகபட்சம் மூன்று பேர்தான் இருந்தார்கள், மூன்று இருக்கை கொண்ட ரஷ்யாவின் சோயுஸ் கலம் ஒன்றுதான் நின்றது. இரண்டு சோயுஸ் நிற்கத் தொடங்கியதும் ஆறு பேர்.

வண்டி கெட்டால் என்ன ஆகும் என்பதை 2022 டிசம்பரில் பார்த்தோம். சோயுஸ் எம்எஸ்-22இன் குளிரூட்டும் திரவம் முழுக்க வெளியே பீய்ச்சி அடித்துப் போய்விட்டது. விண்துகள் துளைத்தது என்று ரஷ்யர்கள் முடிவு செய்தார்கள். குளிரூட்டல் இல்லாமல் மூன்று பேர் ஏறி இறங்கினால் உள்ளே வெப்பம் தாங்காது. அதனால் அந்த மூவரில் ஒருவரான அமெரிக்க வீரர் ஃபிராங்க் ரூபியோவின் உடலுக்கு வார்த்தெடுத்த இருக்கை மெத்தையைக் கழற்றி, பக்கத்தில் நின்ற ட்ராகனில் கொண்டுபோய்க் கட்டினார்கள். அந்த மெத்தை அவர் முதுகின் வடிவத்துக்கே செய்தது. தரையில் மோதும் கணத்தில் முதுகெலும்பைக் காப்பது அதுதான். அடுத்த பிப்ரவரியில் ஆளில்லாத மாற்று சோயுஸ் வந்து சேர்ந்தது. ஆறு மாதத்துக்குப் போனவர் 371 நாள் கழித்து இறங்கினார். 2025 நவம்பரில் சீனாவுக்கும் இதே பாடு: சென்சோ-20இன் சன்னலில் விரிசல் தெரிந்ததும், அதில் திரும்ப வேண்டியவர்கள் அடுத்த குழுவின் கலத்தில் இறங்கினார்கள். அந்தக் குழுவுக்கு வண்டி இல்லாமல் போக, 11 நாள் கழித்து ஆளில்லாத கலம் ஒன்றை ஏற்றி அனுப்பினார்கள்.

சும்மா நிற்கும் கலமும் கெடும், இதைத்தான் பலர் யோசிப்பதில்லை. சோயுஸ் இறங்கும்போது திசை திருத்துவது ஹைட்ரஜன் பெராக்சைடு. அது தொட்டியில் இருக்க இருக்கத் தண்ணீரும் ஆக்சிஜனுமாகச் சிதையும். அதனால்தான் சுமார் 200 நாள் என்று கெடு. ட்ராகனுக்குத் தொடக்கத்தில் வைத்த கெடு 210 நாள். அதில் எரிபொருளை எரியவைக்கும் ஆக்சிகரணியாக நைட்ரஜன் டெட்ராக்சைடு இருக்கிறது. அது சிதையாது, ஆனால் டெஃப்லான் சீலுக்குள் ஊடுருவிக் கசியும். 2021 ஆகஸ்டில் ஸ்டார்லைனர் ஏவுதளத்தில் நின்றபோது அப்படிக் கசிந்தது புளோரிடாவின் ஈரக்காற்றோடு கலந்து நைட்ரிக் அமிலமாகி, அலுமினியப் பகுதியை அரித்து, 24 வால்வில் 13 திறக்க மறுத்தன. 2024 ஜூனில் அதே வகைக் கலத்தில் சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் போய்ச் சேர்ந்தபோது திசை திருத்தும் சிறு எஞ்சின்களான த்ரஸ்டர்களில் ஐந்து வரிசையாக நின்றுபோயின. வெப்பத்தில் டெஃப்லான் சீல் உப்பி எரிபொருளுக்கான ஆக்சிகரணியின் வழியை அடைத்தது என்பது தரைச் சோதனையில் தெரிந்தது. ஹீலியமும் கசிந்தது. செப்டம்பரில் கலம் ஆளில்லாமல் இறங்கியது. மாற்று இருக்கை வரும்வரை, அவசரம் வந்தால் அவர்கள் இருவரும் நால்வர் ட்ராகனில் சரக்கு வைக்கும் தளத்தில் நுரை மெத்தை விரித்துப் படுத்து இறங்குவதுதான் ஏற்பாடு.

வாசல் எண்ணிக்கையும் ஒரு தலைவலி. ட்ராகனும் ஸ்டார்லைனரும் ஒட்டக்கூடிய வாசல் சர்வதேச நிலையத்தில் இரண்டே இரண்டு. இணைப்பு நடக்கும் விதம் அழகானது. நொடிக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் கலம் வரும். பக்கவாட்டில் 10 சென்டிமீட்டர், கோணத்தில் 4 டிகிரி வரை பிசகினாலும் மெத்தென்று பிடிக்கும் வளையம் ஏற்றுக்கொள்ளும். ஆட்டம் அடங்கியதும் வளையம் உள்ளிழுக்க, 12 கொக்கிகள் பூட்டும். கொக்கிகளின் பலத்தைச் சாதாரணமாக எண்ணாதே. 80 சென்டிமீட்டர் விட்ட வாசலை மட்டும் கணக்கில் எடுத்தாலே காற்று இரண்டு கலங்களையும் 5 டன்னுக்கு மேல் விலக்கித் தள்ளுகிறது. பிறகு நடுவில் உள்ள இடைவெளியில் காற்று விட்டு, அழுத்தம் இறங்குகிறதா என்று பார்த்த பின்னரே கதவு திறக்கும். ஒரு வாசலில் இருந்து மறு வாசலுக்குக் கலத்தை மாற்றுவதென்றால், அதில் வந்த நால்வரும் விண்வெளி உடை போட்டு ஏறிக்கொள்ள வேண்டும். திரும்ப ஒட்ட முடியாமல் போனால் நேரே வீட்டுக்கு வர வேண்டியதுதான்.

ஆறு பேர் நிரந்தரமாக இருக்க வேண்டும் என்றால் நான்கு இருக்கைக் கலம் இரண்டு வேண்டும், மாற்றுக் குழு வந்து இறங்க மூன்றாவது வாசல், சரக்குக்கு நான்காவது. 330 கன மீட்டர் வீட்டை விற்பவர் இந்த நான்கு வாசலையும் சேர்த்தே விற்க வேண்டும். அதனால்தான் இப்போது வாஸ்ட் நிறுவனம் கட்டும் ஹேவன்-1 எனக்குப் பிடிக்கிறது. 45 கன மீட்டர், உலோக உடம்பு, ஒரே ட்ராகனில் நால்வர், இரண்டு வாரம் போலத் தங்கல், எல்லோரும் இறங்கியதும் நிலையம் காலி. வண்டியின் அளவுக்கு வீடு. நால்வர் 14 நாள் என்றால் ஆக்சிஜன் 47 கிலோ, அவர்கள் விடும் கார்பன் டை ஆக்சைடு 56 கிலோ, அதை உறிஞ்ச லித்தியம் ஹைட்ராக்சைடு வேதிக் கணக்குப்படியே 61 கிலோ. மறுசுழற்சி இயந்திரம் ஏதும் இல்லாமல் மூட்டையாகவே கொண்டுபோய்விடலாம். ஆறு பேர் ஆறு மாதம் என்றால் அந்த 61 கிலோ 1,200 கிலோவை நெருங்கும், தண்ணீர் தனி.

2025 ஜூனில் சுபான்ஷு சுக்லா போனதும் ட்ராகனில்தான், ஆக்ஸியம் நிறுவனத்தின் நான்காவது பயணத்தில். நம் ககன்யான் மூன்று பேருக்கானது. அதன் சேவைப் பகுதியின் உந்து அமைப்பை அடுத்த மாதமே மகேந்திரகிரியில் 350 விநாடி எரித்துப் பார்த்தார்கள். அங்கேயும் நைட்ரஜன் ஆக்சைடு வகைதான், வால்வும் சீலும்தான் கவலை. இந்திய விண்வெளி நிலையத்தின் முதல் பகுதி 2028 என்று சொல்கிறார்கள். எத்தனை அறை என்று எல்லோரும் கேட்கிறார்கள். எத்தனை வாசல், கலம் எத்தனை நாள் தாங்கி நிற்கும் என்று கேட்பவர் குறைவு.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நாடாவைத் தறியில் நெய்யும்போது உள்ள பலம், முனையை மடித்துத் தைத்த பிறகு எவ்வளவு மிஞ்சுகிறது? குறுக்குத் தையல், பெட்டித் தையல், நெளித் தையல் என்று நீ பாரம் தூக்கும் பட்டைகளில் போட்டுப் பார்த்திருப்பாய். எந்தத் தையலில் நூல் முதலில் அறுகிறது, எதில் நாடாவே கிழிகிறது என்று எழுது. முடிந்தால் அறுந்த முனைகள் இரண்டைத் தபாலில் போட்டு அனுப்பு.

அன்புடன்,
உன் மாப்ளே